யாரும் ஏறாத எடைக்கருவி

குழந்தைகளின் எடையும் உயரமும் அளந்து புள்ளிவிவரம் சேர்க்கிற எங்கள் தொழிலில், ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால் அன்றைக்கு ஒரு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பை தூக்கி, வெயிலில் அலைந்து, நாய்க்குப் பயந்து கணக்கெடுத்த தோழர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நேர்ந்திருக்கும்.

டம்ளர் கணக்கு

காங்கேயம் பக்கம் வீடு வீடாக, "குழந்தை தினம் எத்தனை டம்ளர் பால் குடிக்குதுங்க?" என்று கேட்டோம். ஒரு வீட்டில் நாலு என்றார்கள், குழந்தை நோஞ்சான். அடுத்த வீட்டு அம்மா, அரை டம்ளருக்கு மேல் இறங்குவதில்லை என்று கண் கலங்கினார். அந்தக் குழந்தையைத் தூக்கியதில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

சந்தேகப்பட்டு டம்ளரைக் காட்டச் சொன்னேன். முதல் வீட்டில் வந்தது பொம்மைச் சொப்பு அளவு. இரண்டாவது வீட்டில் வந்தது, அப்பா மோர் குடிக்கிற டம்ளர். அதில் முகமே கழுவலாம். கூட வந்த ரபியா சிரிக்காமல் சொன்னாள்: "அக்கா, நாம பாலை அளக்கலை. அவங்க பாத்திர அலமாரியைத்தான் அளந்திருக்கோம்."

ஒட்டகச்சிவிங்கி

சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடி வீடு. மென்பொருள் வேலை பார்க்கும் அப்பா, மகன் வளரவே இல்லை என்று கவலையில் இருந்தார். சுவரில், காலடியிலிருந்து அளவு போட்ட ஒட்டகச்சிவிங்கிப் படம். மேசை மேல் வரிசையாகச் சத்துமாவு டப்பாக்கள்.

எங்கள் உயரப் பலகையில் நிறுத்தினால் பையன் வயதுக்கேற்ற உயரம்தான். குனிந்து பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கியின் கால் தரையில் இல்லை; சுவரடி டைல்ஸுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். அந்த உயரம் முழுக்கப் பையன் கணக்கில் கழிந்துபோயிருந்தது. அப்பா பெருமூச்சு விட்டார்: "அப்ப இந்த டப்பாவையெல்லாம் நானே குடிச்சுத் தீர்க்கோணுங்களா?"

தறி வீடு

சோமனூரில் தறிக்கூடமும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ். சுகன்யா பிள்ளை பெற்றபின் ஆசையாகத் தறிக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. தோளில் தூங்கும் பிள்ளையோடு அவளை எடைக்கருவியில் ஏற்றி, பிறகு அவளை மட்டும் ஏற்றிக் கழித்தோம். பிள்ளை போன தடவையைவிட அரைக் கிலோ குறைவு. "நான் தறிக்குப் போனதுனாலதானுங்க. நாளையிலிருந்து போகலீங்க" என்று அழுதாள். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் கீழே பார்த்தேன். யாரும் ஏறாத எடைக்கருவியில் எண்கள் ஆடிக்கொண்டிருந்தன. தறிகள் ஓடுகிற அதிர்வில் தரையே நடுங்கியது. போன தடவை நாங்கள் வந்தது மின்தடை நாளில்.

"தறியைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று அவள் கணவரைக் கேட்டேன். நிறுத்தினார். அவ்வளவு சத்தத்தில் தூங்கிய பிள்ளை, அமைதி வந்ததும் வீறிட்டு எழுந்தான். அழுது ஓய்ந்தபின் மறுபடி அளந்தோம். குறையவே இல்லை, நன்றாகவே கூடியிருந்தான். ரபியாவும் ஒருமுறை சரிபார்த்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சுகன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னாள்: "ஏனுங்க, தறியை ஓட்டுங்க. இவன் தூங்குனதும் நானும் வாரேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் தொழிலில் மட்டும் கூடத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டியிருக்கிறது.