என் புருவமும் அக்காவின் ஆங்கிலமும்

முடிச்சூரில் என் வீட்டு மாடியறையில் மதியம் மூன்று மணிக்கு ஆங்கில வகுப்பு. மொத்தமே ஐந்து பேர். அந்நேரத்து வெயில் தரையில் நீளமாகப் படுத்துக் கிடக்கும். ஃபேன் தூக்கத்தில் முனகிக்கொண்டே சுற்றும். பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் நானே பாடம் நடத்துவேன். ஆனால் யாராவது தப்பாகப் பேசிவிட்டால் என் இடது புருவம் மட்டும் விழித்துக்கொள்ளும். வாயை அடக்க எனக்குத் தெரியும். புருவம் என் பேச்சைக் கேட்காது.

ஐவரில் ஒருவர் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் மாறி வருபவர். என்னைவிட மூத்தவர், அக்கா என்றே கூப்பிடுவேன். ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. அங்கேயே ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், இன்டர்வியூ ஆங்கிலத்தில். அதற்காகவே வந்தார். மூன்று வாரமாகியும் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. எனக்கு எரிச்சல். வீட்டில் படிப்பதே இல்லையா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"படிக்கிறேன் மிஸ். உங்க புருவம் மேல போச்சுன்னா எனுக்கு எல்லாம் மறந்து பூடுது," என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் முறை வந்தால் என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதிர்மாடியில் சேலைகள் காயும். தூரத்தில் ஒரு விமானம் சத்தமில்லாமல் தாழ்ந்து போகும். முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல் முதலில் தயங்கும், பிறகு தன்பாட்டுக்குப் போகும். ரிசப்ஷனில் இருப்பதுபோலவே ஆங்கிலத்தில் நோயாளியை உட்காரச் சொல்வார், லிஃப்டுக்கு வழி சொல்வார், டாக்டர் வந்துவிடுவார் என்று சமாதானப்படுத்துவார். நான் பார்த்தேயிராத அந்த ஆஸ்பத்திரிக்குள் கனவில் நடப்பதுபோல் இருக்கும். அந்த மதியங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை.

இன்டர்வியூவுக்கு முதல் நாளும் வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பினேன்.

"நாளைக்கு அவங்க ஜன்னலாண்ட திரும்பிக்கினு ஒக்கார மாட்டாங்க மிஸ்," என்றார் அக்கா. "என்னப் பாருங்க."

திரும்பினேன். எதற்கும் இருக்கட்டுமென்று இடது புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மற்ற நால்வரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"கைய எடுங்க மிஸ். ஏறுனா ஏறட்டும்."

எடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். புருவம் இரண்டு முறை ஏறி இறங்கியது. இரண்டு முறையும் அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே லிஃப்டுக்கு வழி சொல்லி முடித்தார்.