யசோதரன் காத்த வலது கால்

யசோதரன் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிப்பவன். மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் உள்ள அந்த இடத்தில் தோலுரித்த மாடுகள் கொழுக்கியில் தொங்கியபடி வரிசையாக வரும். இடது கையில் கத்தி வெட்டாத கம்பி உறை, வலது கையில் கத்தி. வேலை முடிந்து வந்தால் எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் இரத்த வாடை போகாது. நோபல் பார்க்கில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகை வேலிதான். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். காயம், காய்ச்சல் என்றால் அந்த வீட்டார் முதலில் வேலிக்கு மேலால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அவர்கள் கதை எனக்குத் தெரியும்.

அவன் கோபக்காரன். ஊரில் உதைபந்தாட்ட அணியின் பின்வரிசையில் புல்பாக் விளையாடிய காலத்தில் ஒருவனுடைய முழங்காலை முறித்தவன். மெல்பேர்ண் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். அவன் மறுக்கமாட்டான். "நான் பந்தைத்தான் அடிச்சனான். கால் நடுவிலை நிண்டது" என்பான்.

மனைவி சுலக்சனாவோடும், நடை பழகி ஓட்டம் பிடித்திருந்த மகன் நிதுஷனோடும் படகில் வந்தவன். நடுக்கடலில் தண்ணீர்ப் போத்தலுக்காக நடந்த அடிபாட்டில் முன்பல் ஒன்றை இழந்தான். மகனுக்குத் தண்ணீர் கிடைத்தது. பல்லை அவன் பிறகு கட்டவுமில்லை. பல வருடம் தற்காலிக விசாவில் இழுபட்டு, அண்மையில்தான் நிரந்தர விசா கையில் வந்தது.

நிதுஷன் பள்ளிக்கூடத்தில் ஃபுட்டி என்ற இந்த நாட்டு முட்டைப்பந்தாட்டம் விளையாடினான். ஓடிக்கொண்டே பந்தை அவன் உதைத்தால் அது மைதானத்தின் மறுபக்க மரங்களுக்கு மேலால் போகும். இங்குள்ள பெடியளை அமெரிக்கக் கல்லூரிகளுக்குத் தயார்படுத்தும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அமெரிக்க ஃபுட்போலில் பந்தை உதைப்பதற்கென்றே ஓர் ஆள் இருப்பான். எதிரணிக்காரர் குளிர்சாதனப் பெட்டி அளவு மனிதர். அவர்கள் ஓடி வந்து அவனைச் சாய்க்குமுன் அவன் பந்தை வானத்துக்கு அனுப்பிவிடவேண்டும். அது எவ்வளவு நேரம் மேலே நிற்கிறதோ அவ்வளவுக்கு அவனுக்கு மதிப்பு. எடுபட்டால் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் கல்லூரியின் பொறுப்பு.

சோள வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு கல்லூரி நிதுஷனைப் பார்க்கத் தொடங்கியது. அன்றிலிருந்து யசோதரன் அந்தக் கல்லூரியைப் பார்க்கத் தொடங்கினான். எந்த உயர்பள்ளியில் எந்தப் பையனுக்குப் பின்னால் அவர்கள் திரிகிறார்கள், யார் சம்மதித்தான், யார் கடைசி நேரத்தில் வேறு கல்லூரிக்குப் பாய்ந்தான் என்று தேநீர் இடைவேளை முழுக்கப் போனில் தேடுவான். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வாசிப்பான். ஆனாலும் டெக்சாஸில் படிக்கும் பதினேழு வயதுப் பையன்களின் உயரமும் எடையும் அவனுக்கு மனப்பாடம்.

"ஒஹாயோவிலை ஒருத்தன் நிக்கிறான், அன்ரி" என்றான் ஒருநாள் வேலியடியில். "அவனும் உதைகாரன்தான். எங்கடை ஆக்கள் அவனையும் பார்க்கிறாங்கள்."

"அவனிலை என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அதுதானே பிரச்சினை."

பின்வளவில் நடந்த பயிற்சியை நான் சமையலறை யன்னலால் பார்ப்பேன். யசோதரன் பழைய மெத்தை ஒன்றை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மகன் உதைக்கும் கணத்தில் எருமை மாதிரி ஓடிவந்து மோதுவான். இருவரும் வேலியில் வந்து விழுவார்கள். பலகை இரண்டு முறை உடைந்தது. நிதுஷன் உதடு வெடித்து எழும்புவான். பந்து கோணலாகப் போனால் பிடரியில் அடி விழும். உதைக்கும்போது கால் முறிந்த ஒரு விளையாட்டுக்காரனின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரும் இடத்தில் நிறுத்தி, "காலைத் தூக்கினபடி நிண்டால் இதுதான்" என்பான். சுலக்சனா எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் நான் வேலிக்கு மேலால் சொன்னேன்: "யசோ, இன்னொருக்கா கை நீட்டினால் பொலிசுக்குச் சொல்லுவன்."

"காலிலை தொடேல்லை, அன்ரி."

"தலையும் தேவைப்படும். அங்கை படிக்கவும் வேணும்."

அதற்குப் பிறகு நான் வளவில் நிற்கும்போது அடிக்கவில்லை. அடிப்பதை விட்டுவிட்டான் என்று நான் நம்பவில்லை.

கல்லூரியின் உதவிக் கோச், ஹார்லன் என்பவர், ஒரு வியாழக்கிழமை மெல்பேர்ணுக்கு வருவதாக அறிவித்தார். உதைகாரனுக்கு இருப்பது ஒரே இடம். நிதுஷனை நேரில் பார்த்துவிட்டு அவனா ஒஹாயோப் பையனா என்று முடிவு செய்வார். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டி. சனிக்கிழமை பின்னேரம் சங்கத் தலைவர் சச்சிதானந்தன் யசோதரன் வீட்டுக்கு வந்தார். நிதுஷனின் வெடித்த முழங்கைக்கு மருந்து கட்ட நானும் அங்கே இருந்தேன்.

"எங்கடை கோல் கீப்பருக்குக் கை முறிஞ்சு போச்சு, யசோ. பெடியனை விடு."

"வியாழக்கிழமை கோச் வாறார், அண்ணை."

"கோலுக்கை நிண்டு பந்து பிடிக்கிறவனுக்குக் கால் என்னத்துக்கு? சும்மா நிக்கட்டும்."

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் சுலக்சனா குசினி வாசலில் நின்றபடி.

"பிள்ளை, நான் ஒரு நாளும் ஒண்டும் கேட்டு இந்த வாசலுக்கு வரேல்லை" என்றார் அவர்.

அது உண்மை. தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது இவர்களுக்கு இடம் கொடுத்தவர் அவர். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் படுத்து, அவர் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

"இட்ஸ் ஜஸ்ட் சொக்கர், அப்பா" என்றான் நிதுஷன்.

"சரி அண்ணை. வருவான்."

மறுத்திருக்கவேண்டும். ஆனால் படுக்க இடம் தந்தவரை இல்லை என்று அனுப்ப எங்கள் ஆட்களுக்கு வராது.

போட்டியில் முதலுதவிக் கூடாரம் என் பொறுப்பு. இறுதியாட்டம் பக்கத்து ஊர்க்காரரோடு. அங்கே ஊரில் இரண்டு ஊருக்கும் இருந்த பகை விமானம் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. அவர்களுடைய முன்வரிசைக்காரன் அருந்தவன், பார லொறி ஓட்டுபவன், பெரிய உடம்பு. நிதுஷனின் கதை அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது.

"என்ன அமெரிக்கா, காலுக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சோ?" என்று அருந்தவன் கேட்டான்.

"ஃபோகஸ் ஓன் த போல், அண்ணா" என்றான் நிதுஷன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அருந்தவன் சிரிக்கவில்லை. அடுத்த கோணர் அடியின்போது ஆணிச் சப்பாத்தால் நிதுஷனின் விரல்களை மிதித்தான். யசோதரன் கோலுக்குப் பின்னால் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம் இரண்டு பக்கமும் கோல் இல்லை. நிதுஷன் வந்த பந்தைப் பிடித்தான். பக்கத்தில் நின்றவனுக்கு உருட்டிவிட்டிருக்கலாம். அவன் கையிலிருந்து நழுவவிட்டு, பின்வளவில் பழகியபடி உதைத்தான். பந்து எல்லார் தலைக்கும் மேலால் போய், எதிர்ப்பக்கக் கோல் கீப்பருக்கு முன்னால் குத்தி, அவனைத் தாண்டி வலைக்குள் விழுந்தது.

"கையாலை விட்டு அடிச்சது கோல் இல்லை" என்று பக்கத்து ஊர் முழுவதும் மைதானத்துக்குள் இறங்கியது. ரெஃபரி கோல்தான் என்றார். முதல் குத்து அவருக்கு விழுந்தது. பிறகு யாருக்கு யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கோணர்க் கொடிகள், கதிரைகள், ஐஸ் பெட்டி மூடிகள், எல்லாம் ஆயுதம். ஒருவனுக்குக் காது பாதி கிழிந்து தொங்கியது. நான் சிறுவர்களைக் கூடாரத்துக்குப் பின்னால் தள்ளினேன்.

கலவரம் நடந்தது மைதானத்தின் அந்தப் பக்கம். நிதுஷன் இந்தப் பக்கக் கோலில் தனியே நின்றான். அருந்தவனும் வேறு இரண்டு பேரும் அவனை நோக்கி ஓடிவந்தார்கள். ஒருவன் அவனை விழுத்தி நெஞ்சில் ஏறி இருந்தான். மற்றவன் நிதுஷன் பந்தை உதைக்கும் வலது காலைக் கணுக்காலில் பிடித்து நீட்டி வைத்தான். அருந்தவன் கூடாரத்து இரும்புக் கம்பியைப் பிடுங்கிக் கொண்டுவந்தான்.

"நொண்டிக்கொண்டு போ அமெரிக்காவுக்கு."

கம்பி இறங்கியபோது யசோதரன் குறுக்கே பாய்ந்து மகனின் முழங்காலுக்கு மேல் தன் இடது கையைப் போட்டான். பச்சைக் கொப்பு முறிவது போல ஒரு சத்தம். முன்கை எலும்பு இரண்டும் போய்விட்டன. கம்பி இரண்டாம் முறை எழும்ப முன் வலது கையால் அதைப் பறித்துவிட்டான்.

முதல் அடி அருந்தவனின் வாயில். அவன் விழுந்தான். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். யசோதரன் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விழுந்து கிடந்தவனின் முகத்தில் அடித்தான், தோளில் அடித்தான், மறுபடி முகத்தில் அடித்தான். சத்தம் போடவில்லை. வேலை செய்வது போல அடித்தான். நிதுஷன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்துச் சாய்த்தபோதுதான் கம்பி கையைவிட்டு விழுந்தது.

நான் போனபோது அருந்தவனின் தாடை தனியே ஆடியது. வாய் நிறைய இரத்தமும் பல்லும். அவனைப் பக்கவாட்டில் திருப்பி, பற்களை விரலால் தோண்டி எடுத்தேன். இடது கண்ணைப் பார்த்ததுமே அது மிஞ்சாது என்று தெரிந்தது. துணி வைத்து மூடினேன்.

யசோதரன் கோல் கம்பத்தில் சாய்ந்து இருந்தான். கை, வளையக் கூடாத இடத்தில் வளைந்து தொங்கியது.

"அன்ரி, அவன்ர காலைப் பாருங்கோ."

"பேசாமல் இரு. இவனுக்கு மூச்சு ஒழுங்காய் வரேல்லை."

"கால், அன்ரி."

அம்புலன்ஸ் வந்தபிறகு பார்த்தேன். கணுக்காலில் விரல் அடையாளம், கொஞ்சம் வீக்கம். வேறொன்றுமில்லை. சொன்னேன். யசோதரன் கண்ணை மூடிக்கொண்டான். பொலிஸ்காரர் அவனோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பிணையில் வீட்டுக்கு வந்தான். வியாழக்கிழமை காலை நிதுஷனின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றிவிட்டேன். யசோதரன் மாவுக்கட்டோடு சப்பாத்துப் போட முயன்றுகொண்டிருந்தான்.

"நீங்கள் வராதேங்கோ, அப்பா" என்றான் நிதுஷன். அவன் தகப்பனோடு முழுத் தமிழில் கதைத்து நான் கேட்டது குறைவு.

யசோதரன் சப்பாத்தைக் கழற்றினான். மகனும் சுலக்சனாவும் மைதானத்திலிருந்து திரும்பி வரும்வரை என் குசினியில் கதிரையைவிட்டு அசையாமல் இருந்தான். சுலக்சனா வந்து சொன்னாள்: முதல் பந்துகள் கோணலாகப் போயின. பிறகு பந்தைக் கொல்லப்போகிறவன் மாதிரி உதைத்தான். ஹார்லன் முடிவைச் சொல்லாமல் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை ஒஹாயோப் பையன் வேறு கல்லூரிக்குச் சம்மதித்துவிட்டான். கல்லூரியிலிருந்து நிதுஷனுக்கு அழைப்பு வருமுன்பே யசோதரன் அதைப் போனில் பார்த்துவிட்டான். "இடம் எங்களுக்குத்தான்" என்று வேலிக்கு மேலால் சொன்னான். ஒற்றைக் கையால் வேலியில் குத்தினான். பலகை மறுபடி உடைந்தது.

லோயர் வீட்டுக்கு வந்து விளங்கப்படுத்தினார். மகனைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்று வாதாடலாம். அதற்கு நிதுஷன் சாட்சி சொல்லவேண்டும். வழக்கு விசாரணைக்கு வர அடுத்த வருடக் கடைசி ஆகும், அதுவரை அவன் இங்கே நிற்கவேண்டும். குற்றத்தை இப்போதே ஒப்புக்கொண்டால் சிறை நிச்சயம். தண்டனை ஒரு வருடத்தைத் தொட்டால் விசாவும் போகும், பிறகு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

"கல்லூரி எப்ப தொடங்குது?" என்று யசோதரன் கேட்டான். அவனுக்கு விளங்கவில்லையாக்கும் என்று லோயர் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"நான் நிக்கிறன், அப்பா. சாட்சி சொல்றன்" என்றான் நிதுஷன்.

"உன்ரை இடத்துக்கு அவங்கள் ஒரு கிழமையிலை வேறை ஆள் பிடிப்பாங்கள். அவங்களை நான் தெரியாதனே? நித்தம் பார்க்கிறவன்."

"உங்களை ஏத்திவிட்டால்?"

"ஏத்தினால் ஏத்தட்டும்."

சுலக்சனா கையில் இருந்த கோப்பையைச் சுவரில் எறிந்தாள். அந்த வீட்டில் அவள் எறிந்து நான் பார்த்தது அது ஒன்றுதான். யசோதரன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். மனம் மாறவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டான். அருந்தவன் நீதிமன்றத்தில் ஒற்றைக் கண்ணோடு தாய்க்குப் பக்கத்தில் இருந்தான். லொறி ஓட்டும் அனுமதி போய்விட்டது. கம்பி எடுத்ததற்கு அவனுக்கும் வழக்கு இருந்தது. நீதிபதி இரண்டையும் நிறுத்துப் பார்த்து யசோதரனுக்கு ஒரு வருடத்துக்குக் குறைவாகச் சிறை கொடுத்தார். விசா இப்போதைக்குத் தப்பியது. நிதுஷன் யூன் மாதம் பறந்தான்.

செப்டம்பரில் சுலக்சனாவோடு சிறைக்கு ஒருமுறை போனேன். யசோதரன் மெலிந்திருந்தான். கை கோணலாகப் பொருந்தியிருந்தது. இனிக் கம்பி உறை போட்டு வேலை செய்ய அது உதவாது. நிதுஷன் முதல் ஆட்டம் விளையாடிவிட்டான் என்று சுலக்சனா சொன்னாள். உதைத்து முடிய ஒருவன் வந்து மோதி எல்லைக்கு வெளியே தூக்கி எறிந்தானாம். எழும்பி நடந்தானாம்.

"விழேக்கை எந்தக் கால் கீழை போனது?"

"இடது."

அவன் தலையசைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "புதுசா ஆரைப் பார்க்கிறாங்கள்?"

அவனிடம் போன் இல்லாததால் இப்போது அதையெல்லாம் தேடுவது சுலக்சனா. அவள் என்னைப் பார்த்தாள். சொல்வதா விடுவதா என்று யோசித்தாள்.

"ஜீலோங்கிலை, இஞ்சை பக்கத்திலைதான், ஒரு பெடியன். பள்ளிக்கூடம் முடிக்கேல்லை. உதைகாரன்."

யசோதரனின் வலது கை மேசையில் மெதுவாக மூடியது. "நிதுஷன் போய் இன்னும் மூண்டு மாசம் ஆகேல்லை."

"அவையளுக்கு அது கணக்கில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"பந்து மேலை நிக்குதோ?"

"நிக்குது. நல்லா நிக்குது."

காவலர் நேரம் முடிந்தது என்று வந்து பக்கத்தில் நின்றார். யசோதரன் எழும்பவில்லை. மூடிய கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அவன்ர தகப்பன் என்ன வேலை?"