நிலவறைப் படியில் அத்தான்

இரண்டு வருடங்களுக்கு முன், திராட்சை பறிக்கும் காலம். நானும் என் கணவரும் மகளும் இருப்பது ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில். கனடாவிலிருந்து என் அக்காவும் அத்தானும் எங்களிடம் வந்து நின்றார்கள். அந்த நாட்களில் என் பொறுமை எத்தனை தரம் அறுந்தது, எத்தனை தரம் நான் அதை முடிச்சுப் போட்டுக்கொண்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தான் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா இல்லாமல் போன பிறகு எனக்குக் கல்யாணம் பேசி, முன்னுக்கு நின்று நடத்தி வைத்தவர் அவர்தான். அதனால் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. அவருக்கும் அது நன்றாகத் தெரியும். பிறர் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்ற சந்தேகம்கூட அவருக்கு வந்ததில்லை.

கனடாவில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டம் என்றால் மேசைக்கு மேசை கொன்யாக் என்ற பிரெஞ்சுப் பிராந்திப் போத்தல் வைப்பது ஒரு கௌரவம். அத்தான் அதிலே பண்டிதர். கிளாசை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மூக்கை உள்ளே விட்டு மணந்து, பிறகுதான் வாயில் வைப்பார். அப்படிப்பட்டவர், கொன்யாக் உண்டாகும் தோட்டத்தை நேரில் பார்க்காமல் விமானம் ஏறமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

“பிரான்ஸ் பக்கத்திலதானே? ஆத்தைக் கடந்தால் பிரான்ஸ் எண்டு நீதானே சொன்னனி?”

சொன்னது உண்மைதான். ரைன் ஆற்றைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் ஓடினால் பிரான்ஸ். ஆனால் கொன்யாக் செய்கிற ஊர் அந்த நாட்டின் மறுகோடியில், கடல் பக்கமாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஓடவேண்டும். வரைபடத்தைக் காட்டினேன். உந்த போன் பிழையாகக் காட்டுது என்றார்.

நான் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் பெண் ஒருத்திதான் வழி சொன்னாள். எங்களிடமிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், திராட்சை மலைச்சரிவுகளுக்கு நடுவே, ஒரு சின்னக் குடும்பத் தோட்டம். தாங்களே திராட்சை வளர்த்து, வைன் புளிக்கவைத்து, கொன்யாக் செய்கிற அதே பழைய முறையில் செப்புப் பானையில் இரண்டு தரம் காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்காக வைத்து எடுக்கிறார்கள் என்றாள். அங்கே தொலைபேசி எடுத்தேன். பேசிய பெண்மணி வணக்கத்துக்கு அடுத்த வசனமாகச் சொன்னது இதுதான்: “நாங்கள் கொன்யாக் செய்வதில்லை. பிரான்சில் அந்த ஊரில் செய்தால்தான் அதற்கு அந்தப் பெயர். எங்களுடையது வைன்பிராண்ட், வைனைக் காய்ச்சி எடுக்கிற பிராந்தி. இது விளங்கினால் வாருங்கள்.”

அறுவடை நேரம் என்பதால் காலை பத்து மணிக்கு அரை மணித்தியாலம் மட்டும் தருவதாகவும் சொன்னார். ஜெர்மன்காரர் டெர்மின் என்று நேரம் குறித்துக் கொடுத்தால் அது கோயில் முகூர்த்தம் மாதிரி. நான் கடையில் லீவு போட்டுவிட்டு, விடியக் குளித்து, பிட்டு அவித்து வைத்துக் காத்திருந்தேன். அத்தான் ஆறுதலாகச் சாப்பிட்டார். சட்டை மாற்றினார். அந்தச் சட்டை படத்துக்கு எடுப்பாக இருக்காது என்று இன்னொன்றை அயர்ன் பண்ணச் சொன்னார். நேரத்தை நினைவூட்டினேன்.

“பத்து எண்டால் பத்தரைக்குப் போவம். அவையள் தோட்டத்தைத் தூக்கிக்கொண்டே ஓடப்போயினம்?”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி ஆகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி ரப்பர் சப்பாத்தோடு முற்றத்தில் நின்றார். அறுபது வயது இருக்கும். நல்ல உயரம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அத்தான் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார்.

“ஹலோ! கொன்யாக்!”

“வைன்பிராண்ட்,” என்றார் அவர்.

“யெஸ், யெஸ். கொன்யாக்.”

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? இரண்டு பாறைகளுக்கு நடுவே நான் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். பிரெஞ்சுக்காரன் செய்தால் இன்னும் திறமாயிருக்கும் என்று சொல்லு என்றார் அத்தான். இடம் மிகவும் அழகாக இருக்கிறதாம் என்று நான் சொன்னேன். எல்லாம் தெரிந்தவர் ஏன் இங்கே வந்தார் என்று கேட்டார் அந்தப் பெண்மணி. உங்களுக்கு நல்ல அனுபவம் எண்டு சொல்லுறா அத்தான் என்றேன். அக்கா பின்னால் நின்று வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவள் அப்படித்தான் காலம் முழுக்க இருந்திருக்கிறாள்.

செப்புப் பானை பெரிய வெங்காயம் போலப் பளபளவென்று இருந்தது. ஆனால் குளிர்ந்து கிடந்தது. வைன் புளித்து முடிந்த பிறகு, குளிர்காலத்தில்தான் காய்ச்சுவார்களாம். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. “ஒருக்கா அடுப்பைப் பத்தவைச்சுக் காட்டச் சொல்லன்,” என்றார். போன வருடத்து வைனில் ஒரு மடக்கு கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்து, புளிக்குது என்று எங்களுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னார். புளிக்கத்தான் வேண்டும், மருந்து எதுவும் போடாமல் காய்ச்சும் வரைக்கும் பழுதாகாமல் அதைக் காப்பதே அந்தப் புளிப்புத்தான் என்று அந்தப் பெண்மணி விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அத்தான் பானைக்குப் பக்கத்தில் நின்று தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

முற்றத்தின் ஓரத்தில், சுவரோடு ஒரு குள்ளமான மரக்கதவு இருந்தது. அங்கே அந்தப் பெண்மணி நின்று விரலை உயர்த்தினார். இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். கீழே நிலவறையில் இப்போது சாறு புளித்துக்கொண்டிருக்கிறது; அதிலிருந்து கிளம்பும் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; காற்றைவிடப் பாரமானது, குளத்துத் தண்ணீர் மாதிரி கீழே தேங்கி நிற்கும்; காற்று இழுக்கும் மின்விசிறியைக் கனநேரம் ஓடவிடாமல் நாங்களே இறங்கமாட்டோம் என்றார். இந்த ஒன்றை மட்டும் நான் பூசி மெழுகவில்லை. அப்படியே சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

“ஓம், ஓம்,” என்றார் அத்தான், போனைப் பார்த்தபடி.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்மணியின் கணவர் உழவு இயந்திரத்தில் திராட்சைப் பாரத்தோடு வந்து இறங்கினார். பாரம் இறக்கிவிட்டு வந்து மாடியில் பீப்பாய்களைக் காட்டுகிறேன், அதுவரை இந்த மர வாங்கிலேயே உட்கார்ந்திருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி போனார். அக்கா கழிவறை எங்கே என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வாங்கில் அத்தான் இல்லை. குள்ளக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே ஒரு மங்கலான பல்ப் எரிந்தது. கல் படிகள் செங்குத்தாக இறங்கின. பாதிப் படியில் அத்தான் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். கையில் போன். தோள்கள் ஏறி இறங்கின.

“அத்தான்! அங்க போகக்கூடாது. மேல வாங்கோ.”

“பீப்பாய் எல்லாம் கீழதான் இருக்குப் போல...” குரல் குழறியது. “என்னவோ ஒரே இளைக்குது. கொஞ்சம் இருந்திட்டு வாறன்.”

நான் ஒரு படி இறங்கினேன். யாரோ பின்னாலிருந்து என் சுவெட்டரைக் கொத்தாகப் பிடித்து இழுத்து முற்றத்தில் எறிந்தார்கள். முழங்கை கல்லில் உரசித் தோல் போனது. பார்த்தால் அந்தப் பெண்மணி. எனக்கு வந்த ஆத்திரம்! அவர் அதற்குள் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார். எங்கோ விசிறி உறுமத் தொடங்கியது. தீயணைப்புப் படையைக் கூப்பிடச் சொல்லிக் கணவரைப் பார்த்துக் கத்தினார். பிறகு என் தோள்களைப் பிடித்தார்.

“நீ இறங்காதே. இறங்கினால் இரண்டு பேர் கிடப்பீர்கள். அவருக்கு என் பாஷை தெரியாது. நீ கூப்பிடு! எழுந்து நிற்கச் சொல்! வாயு கீழே இருக்கிறது, தலை மேலே வரவேண்டும்!”

வாசலில் முழங்காலிட்டுக் கூப்பிட்டேன். “அத்தான், எழும்புங்கோ. தயவுசெய்து எழும்பி வாங்கோ.” அவர் சிரித்தார். நித்திரை கொள்ளும் பிள்ளையின் சிரிப்பு. தலை மெல்ல மெல்ல நெஞ்சை நோக்கிச் சரிந்தது. சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்து, “இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!” என்று அழுதாள். அவர் ஒரு கையை லேசாகத் தூக்கினார். வீட்டில் அக்கா பேசத் தொடங்கும்போது அவளை அடக்கக் காட்டுவாரே, அதே கை.

அந்தக் கையைக் கண்டதும் எனக்குள் என்னவோ உடைந்தது. பிட்டு, சட்டை, வரைபடம், “ஓம், ஓம்” எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. என் வாழ்க்கையில் அப்படி நான் கத்தினதில்லை.

“டேய்! எழும்படா! எழும்படா மடையா! செத்துப்போவாய், எழும்படா!”

அக்காவின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. கீழே அத்தானின் தலை நிமிர்ந்தது. கண்கள் என்னைத் தேடின. அந்தக் கண்களில் முதல் முறையாக உயிர் தெரிந்தது. கோபம்தான். நல்ல கோபம்.

“ஆ... ஆரைப் பார்த்து டா எண்டனி?”

“உன்னைத்தான்டா! மேல வந்து கேள்!”

அவர் சுவர்க் கம்பியைப் பிடித்தார். எழும்பினார். என்னைக் கேட்டுத்தான் விடுவது என்று ஏறினார். ஒவ்வொரு படியிலும் நான் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. வாசலுக்கு மிகக் கிட்ட வந்து கால் மடங்கியது. அந்தப் பெண்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிறு தரையில் பட விழுந்து, அவர் சட்டைக் காலரை எட்டிப் பிடித்தார். நான் அந்தப் பெண்மணியின் இடுப்பைப் பிடிக்க, அக்கா என்னைப் பிடிக்க, மூன்று பெண்களுமாக அரிசி மூட்டையை இழுப்பதுபோல் இழுத்து முற்றத்தில் போட்டோம்.

அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. புல்லில் கவிழ்ந்து வாந்தி எடுத்தார். தீயணைப்பு வீரர்கள் வந்து, சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே அளந்தார்கள். வெளியே வந்த ஒருவர் அளவுக் கருவியை அந்தப் பெண்மணியிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அத்தானுக்கு ஒட்சிசன் பொருத்தி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அக்கா கூடப் போனாள்.

நான் காரில் பின்னால் போவதற்கு முன், அந்தப் பெண்மணி என் முழங்கையைக் கழுவி மருந்து போட்டுவிட்டார். தான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பக்கத்துத் தோட்டத்து நிலவறையில் ஒரு வேலையாள் விழுந்தாராம். அவரைத் தூக்கத் தன் சித்தப்பா இறங்கினாராம். இரண்டு பேரையும் ஒரே நாளில் அடக்கம் செய்தார்களாம். “அதனால்தான் உன்னை இழுத்தேன். நோகிறதா?” என்றார். காலையிலிருந்து அந்த மனுஷியை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

சரி, இத்தோடு அத்தான் திருந்தினார் என்று நினைப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் முகத்திலிருந்து மாஸ்க்கைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வசனம்: “என்னை டா எண்டு சொல்லிப்போட்டாய், என்ன?” சரி, அவர்தான் அப்படி. அக்காவாவது? அவள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அந்த நேரத்தில உனக்கு வேற சொல்லு வரேல்லையே?” சிரிப்பதா, சுவரில் தலையை மோதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையிலிருந்து ஓடிவந்த என் கணவர் கதையைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவர் மீதும் கோபம் வந்தது.

விமானம் ஏறும் வரைக்கும் அத்தான் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால்கூட என் மகளிடம்தான் கேட்டார். கனடா போன பிறகு, கொன்யாக் தோட்டத்தில் வாசனை தலைக்கேறி லேசாக மயக்கம் வந்தது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். என்னுடைய பெயர் அந்தக் கதையில் வருவதே இல்லையாம். அந்தத் தோட்டத்துப் பெண்மணி மட்டும் மறுநாளே தொலைபேசி எடுத்து, அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். குள்ளக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாராம்.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா அழைத்தாள். குரல் சரியில்லை. அத்தானுக்கு முந்தின நாளிலிருந்து நெஞ்சுக்குள் இறுக்குகிறதாம். வாய்வு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாராம். பிள்ளைகள் கெஞ்சியும் டாக்டரிடம் போக மறுக்கிறாராம். நான் என்ன செய்ய முடியும் அக்கா என்று கேட்டேன்.

“நீ ஒருக்கா அவரோட கதை பிள்ளை. அண்டைக்குக் கதைச்ச மாதிரி.”

போன் கை மாறியது. அவருடைய மூச்சு கேட்டது.

“அத்தான்,” என்று சொல்லிவிட்டு, நான் ஒரு பெரிய மூச்சு எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

“வேண்டாம், வேண்டாம்,” என்றார் அவசரமாக. “போறன். இப்பவே போறன்.”

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து, இருதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். இப்போது சுகமாக இருக்கிறார். பழையபடி யார் சொல்லையும் கேட்பதில்லை; என்னோடு அளந்துதான் கதைக்கிறார். பெரியவர்களிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று இன்றும் என் மகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறேன். ஆனால் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டே இழந்துபோவதைவிட, மரியாதை கெட்டுக் கத்தி, அவர் உயிரோடு இருந்து நம்மேல் கோபிப்பதைக் காலம் முழுக்கத் தாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல் என்பது, அந்த முற்றத்தில் தோல் உரசின முழங்கையோடு எனக்குப் புரிந்தது.