விருந்துக்கு வந்த போர் விமானி

2009 கோடையில், லண்டன் மோர்டனில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு வயதான ஜெர்மன்காரர் விருந்துக்கு வந்தார். இளமையில், இரண்டாம் உலகப் போரின்போது, போர் விமானி. பிற்காலத்தில் சிறிய விடுதி ஒன்றை நடத்தியவர். நாங்கள் இலங்கையிலிருந்து அகதிகளாக முதலில் ஜெர்மனிக்குப் போனபோது, அந்த விடுதிச் சமையலறையில் அப்பாவுக்கு முதல் வேலை கொடுத்தவர் அவர்தான். அவரை ஒரு குறையுமில்லாமல் உபசரிக்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை.

அடுத்த வீட்டு ஆங்கிலேய அம்மாளை நினைத்துத்தான் எனக்குப் பயம். வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி என்றால் அப்பா அவரையும் அழைத்துவிடுவார். அந்த அம்மாள் சிறுமியாக இருந்தபோது ஜெர்மன் குண்டு விழுந்து அவர் வீட்டில் பாதி போய்விட்டது.

நான் விமானப் பொறியியல் படித்தவள். செக்லிஸ்ட் இல்லாமல் எதையும் தொடங்க மாட்டேன். அப்பாவிடம் மூன்றே விஷயங்கள் சொன்னேன்: உறைப்பைக் குறைக்க வேண்டும், டிவியை நிறுத்த வேண்டும், போரைப் பற்றி வாயே திறக்கக்கூடாது.

முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தார். ஆனால் உத்தியோகத்தைச் சொல்லாமல் ஒருவரை அறிமுகப்படுத்த எங்கள் ஆட்களுக்கு வருமா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பேசுவதுபோல ஆங்கிலத்தில் பெருமையாக ஆரம்பித்தார்: இவர் பெரிய பைலட், அந்தக் காலத்திலேயே லண்டனுக்கு மேலே பறந்தவர்.

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்பா!" என்றேன்.

"உண்மையைத்தானே பிள்ளை நான் சொன்னனான்?"

"குண்டு போட்டீர்களா?" என்று அம்மாள் கேட்டார். மொழிபெயர்ப்பு என் தலையில்.

"இல்லை. போட்டவர்களுக்குக் காவலாகப் பறந்தேன்" என்றார் விருந்தாளி.

அப்பா என் காதருகே குனிந்தார். "அந்தக் காவல் கதையைச் சொல்லாமல் விடன் பிள்ளை."

"ஏலாது அப்பா." அப்படியே சொன்னேன்.

"மேலிருந்து பார்க்க எங்கள் ஊர் எப்படி இருந்தது?" என்றார் அம்மாள்.

"பார்த்ததே இல்லை. லண்டனுக்கு வந்து சேரும்போது, திரும்பிப் போகத்தான் எரிபொருள் இருக்கும். கண் முழுக்க எரிபொருள் காட்டும் முள்ளில்."

"போருக்குப் பிறகு?"

"பறக்கத் தடை. பால் வண்டி ஓட்டினேன். பல வருடம் கழித்து, புதிதாக விமானப்படை தொடங்கியபோது திரும்பவும் போனேன்."

"பாலையாவது சரியான வீடுகளில் இறக்கினீர்களா?"

நான் ஜெர்மனில் சொல்லி முடித்த பிறகுதான் விருந்தாளி சிரித்தார். 

அம்மாள் எழுந்தார். "வாருங்கள், நீங்கள் பார்க்காததைக் காட்டுகிறேன்."

தன் வீட்டின் பக்கச் சுவருக்கு அழைத்துப் போனார். பாதிக்கு மேல் செங்கல் வேறு நிறம். "இந்தப் பக்கம்தான் நான் படுக்கும் அறை இருந்தது." விருந்தாளி அந்தச் செங்கலில் கையை வைத்தார். பிறகு மெதுவாக ஜெர்மனில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க நான் வாயெடுக்கும் முன்பே அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா அகப்பையோடு நின்றார். "கறி ஆறுது, ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றவர், என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லாட்டில் இவை இப்பிடிக் கதைச்சிருப்பினமோ?"