பஸ்ஸுக்குள் தாத்தா

விட்பி நகரிலிருந்து வரும் காலை ரயிலில், என்னோடு வேலை செய்யும் பராகுவே நாட்டுக்காரர் ராமோன், தொலைபேசியில் தன் தகப்பனை "சே ரு" என்று அழைத்தார். பேசி முடித்ததும், அது ஸ்பானிஷ் இல்லையே என்று கேட்டேன். குவாரனி என்றார், பழங்குடிகளின் மொழி. அங்கே இரண்டும் அரச மொழிகள். பழங்குடியல்லாதவர்களும் வீட்டில் பகிடிக்கும் சண்டைக்கும் குவாரனியைத்தான் எடுப்பார்களாம்.

"அப்பா படித்த காலத்தில் வகுப்பில் அதைப் பேசினால் அடி விழும். இப்போது அரசியலமைப்பிலேயே இருக்கிறது."

எனக்குக் கொழும்பு பஸ்ஸின் டீசல் மணமும் சூடேறிய றெக்சின் இருக்கையும் ஞாபகம் வந்தன. தமிழருக்கெதிரான கலவரம் முடிந்து சில மாதங்கள்; எனக்கு ஏழு வயது. சிங்களத்திலும் அம்மா அம்மாதான். அப்பாவோடு போகும்போதுதான் சிக்கல்; அப்பா என்று கூப்பிட்டால் தமிழர் என்று தெரிந்துவிடும்.

"பிள்ளை, பஸ்ஸுக்கை என்னைத் தாத்தா எண்டு கூப்பிடு. சிங்களத்திலை தகப்பனை அப்பிடித்தான் கூப்பிடுறது."

"தாத்தாவெண்டா பல்லு விழுந்திருக்க வேணும்."

"விழுந்திட்டுது எண்டு நினை" என்று அப்பா உதடுகளை உள்ளே மடித்துக் காட்டினார்.

அன்று நெரிசலில் எங்களுக்கிடையே ஆட்கள் புகுந்துவிட்டார்கள். அப்பாவைக் காணவில்லை. தொண்டைவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "தாத்தா" என்று கத்தினேன். ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்தார்.

வெள்ளவத்தையில் இறங்கி, எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்ததும் குனிந்தார்.

"இப்ப கூப்பிடு."

"அப்பா."

"இன்னொருக்கா."

ரயில் யூனியன் நிலையத்தை நெருங்கும்போது, உங்கள் மொழியில் தகப்பனை எப்படி அழைப்பீர்கள் என்று ராமோன் கேட்டார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்குமளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன்.