உண்ணாமலை பார்க்க நினைத்த ஏரி

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கஸ்தூரியும் உண்ணாமலையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பதினோரு வருடம் வேலை பார்த்தார்கள். உண்ணாமலை பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷன் இறந்ததால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரே மகளை ஆரணியில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கஸ்தூரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டில் இருந்தாள்.

டெல்லி, பம்பாய், கல்கத்தா என்று ஊர் ஊராக மற்றவர்களுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த உண்ணாமலை, மெட்ராஸைத் தாண்டிப் போனதில்லை. அதை ஒரு குறையாக அவள் சொன்னதும் இல்லை. 1978 கடைசியில் ஒருநாள், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஊருக்கு டிரங்க் கால் போட வந்தாள். லைன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. காத்திருந்த நேரத்தில் தன் பையிலிருந்த போட்டோக்களைக் காட்டினாள். அதில் ஒன்று இமயமலையில் எடுத்தது. சுற்றிலும் கரும்பாறை, நடுவில் ஒரு ஏரி, தண்ணீர்மேல் பனிக்கட்டி உடைந்து உடைந்து மிதந்தது. பதினாலாயிரம் அடி உயரம் என்றாள். உண்ணாமலை அந்தப் படத்தை லைன் கிடைக்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த மாதமே, மெட்ராஸில் ஒரு மலையேற்றச் சங்கம் அதே ஏரிக்கு ஆட்களை அழைத்துப் போகப்போவதாகப் பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தி பார்த்தாள். எழுதிப் போட்டாள். டைப் அடித்த பதில் வந்தது. ஜூன் மாதம் பயணம். அடிவாரத்து ஊரிலிருந்து விடியற்காலை கிளம்பி, ஏரியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பெண்களும் வரலாம், ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. உண்ணாமலைக்கு அப்போது சரியாக நாற்பத்தைந்து.

"இந்த வருசம் உட்டா எனக்குக் கிடையாது. நீயும் வாம்மா, துணைக்கு" என்று கஸ்தூரியைக் கேட்டாள். கஸ்தூரி யோசிக்காமல் சரி என்றாள். அந்த நேரத்தில் அது உண்மையான சரிதான்.

தயாராவதற்கு ஐந்து மாதம் இருந்தது. கடிதத்தோடு வந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஜியாவுல்லா டெய்லர் காக்கித் துணியில் இரண்டு முதுகுப் பைகள் தைத்துக் கொடுத்தார். பேண்ட் வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. அதற்கு அவர் மனைவி முன்னி பேகம்தான் உள்ளறையில் வைத்து அளவெடுத்தாள். தைத்து வந்த பேண்ட்டை முதல் தடவை போட்டுக்கொண்டு, உண்ணாமலையின் வீட்டில் கதவைத் தாழிட்டுவிட்டு, இரண்டு பேரும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து உண்ணாமலைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புடவை இல்லாமல் நடக்கும்போது கை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்றாள்.

மதிய ஷிப்ட் உள்ள நாட்களில் காலையில் மலை ஏறினார்கள். முதலில் மலைச் சரிவில் உள்ள கந்தாசிரமம் வரை. பிறகு பையில் ஆளுக்கு ஐந்து கிலோ மணலைப் போட்டுக்கொண்டு. மார்ச் முதல் உச்சி வரை. உண்ணாமலை வேகமாகக் கற்றுக்கொண்டாள். மூச்சை எண்ணி எண்ணிக் கால் வைத்தாள். வாழைப்பழம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டால் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுகூட அவளுக்குக் கணக்காகத் தெரிந்தது.

கஸ்தூரிக்கு வேறு மாதிரி ஆனது. கந்தாசிரமத்துக்கு மேலே, மரமெல்லாம் போய் வெறும் பாறையாகிவிடும் இடத்தில், ஒருநாள் திரும்பிக் கீழே பார்த்தாள். கோபுரங்கள் காலடியில் சின்னதாகக் கிடந்தன. பக்கத்துப் பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும், கீழே பார்க்காமல் உண்ணாமலையின் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஏறினாள். இதுவே இப்படி என்றால் பதினாலாயிரம் அடி எப்படி இருக்கும் என்று நினைத்தாள். சொல்லியிருக்கலாம். ஆனால் உண்ணாமலை அவ்வளவு சந்தோஷமாக ஏறிக்கொண்டிருந்தாள். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள் பயப்படாதபோது தான் பயப்படுவதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, உண்ணாமலை சட்டென்று பாறையில் உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்து அழுத்திக்கொண்டாள். உதடு கறுத்திருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து, உச்சி வரை ஏறி முடித்தாள். இறங்கும்போது, வெயில் அன்றைக்கு ஜாஸ்தி, காலையில் எதுவும் சாப்பிடவுமில்லை என்றாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாத கஸ்தூரி. சொன்னா என்ன உட மாட்டாங்க."

"சொல்ல மாட்டேன்க்கா" என்றாள் கஸ்தூரி.

சங்கத்துக்கு டாக்டர் சர்டிபிகேட் அனுப்ப வேண்டியிருந்தது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது இருவரும் ஒரு தனியார் டாக்டரிடம் போனார்கள். கஸ்தூரி முதலில் உள்ளே போனாள். டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை வாங்கிக் கஸ்தூரி நாலாக மடித்தாள். இனிமேல் போகாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். வெளியே இருக்கிற அக்காவுக்கு மலையில் நெஞ்சு அடைத்தது என்று சொன்னாள்.

உண்ணாமலை உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். வேலூருக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் அது நடக்காது. தேரடித் தெரு வரை இருவரும் நடந்தார்கள்.

"சொல்லிட்டியா" என்றாள் உண்ணாமலை. கேள்வி மாதிரி இல்லை.

"உங்க நல்லதுக்குத்தான்க்கா."

"சரி. நீயாவது போய்ட்டு வா."

"நீங்க இல்லாம நான் எப்படிக்கா போவேன்?"

கஸ்தூரி தன் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதினாள். எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். சிநேகிதிக்காக எப்பேர்ப்பட்ட வாய்ப்பை விட்டுவிட்டாள் என்று சூப்பர்வைசர் புதிதாக வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாற்காலியில் உண்ணாமலை இருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. கஸ்தூரியும் மறுக்கவில்லை.

ஜூன் மாதம் வேலூரில் உண்ணாமலைக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயத்தில் ஒன்றும் இல்லை. ரத்தம் கொஞ்சம் கம்மி என்று மாத்திரை கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியில் உண்ணாமலை மகள் ஊரான ஆரணிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போகிற அன்று எல்லோருக்கும் சொன்ன மாதிரி கஸ்தூரிக்கும் ஒரு "வரேன்" சொன்னாள்.

கஸ்தூரி அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், தம்பி பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அந்த டாக்டர் அறையில் தான் சொன்ன ஒரே வாக்கியத்தை எத்தனையோ விதமாக மனசில் மாற்றிப் பார்த்தாள். நல்லதற்குத்தானே சொன்னேன் என்பதில் பாதி உண்மை இருந்தது. அதனாலேயே அதை விடவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

1988-இல் எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாக மாறியது. இணைப்புக் கொடுக்கும் பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் பழைய ஊழியர்களைக் கூப்பிட்டு ஒரு சின்ன விழா வைத்தார்கள். உண்ணாமலை வந்திருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. விழா முடிந்ததும் கஸ்தூரி அவளை பஸ் ஸ்டாண்டுவரை கூட்டிக்கொண்டு நடந்தாள். ஆரணி பஸ் நின்றுகொண்டிருந்தது. இதைவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு நான் டாக்டர்கிட்ட சொன்னது உங்களுக்காக மட்டும் இல்ல. எனக்கு உயரம்னா பயம். போகாம இருக்க வழி தேடிக்கிட்டிருந்தேன்."

உண்ணாமலை கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பயமா இருக்குனு என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நீ அடிவாரத்துல டீக்கடையில உக்காந்திருப்ப. நான் மட்டும் போய்ப் பாத்துட்டு சாயங்காலம் வந்திருப்பேன்."

அப்படி ஒரு வழி இருந்தது கஸ்தூரிக்கு ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூடத் தோன்றியதில்லை.

இப்போது போகலாமா, நான் கூட வருகிறேன், சங்கம் இல்லாவிட்டால் நாமாகவே போகலாம் என்று அவசரமாகச் சொன்னாள். உண்ணாமலை கோபப்படவில்லை. அவள் குரலில் அலுப்புதான் இருந்தது.

"முட்டி போயிடுச்சும்மா. மாடிப்படி ஏறவே ஆளு வேணும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். உண்ணாமலை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். கஸ்தூரி பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வா என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் உண்ணாமலை. பேச்சுக்குச் சொன்னதா, மனசார அழைத்ததா என்று கஸ்தூரிக்குப் புரியவில்லை. அந்தப் பொங்கலுக்கு அவள் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை.