தொண்ணூற்றாறு படிகளில் ஓர் அங்குலம்

மலேசிய நகரான ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றொன்றில் முருகன் கோயிலுக்கு ஏறும் தொண்ணூற்றாறு படிகளை அறியாதவர் அவ்வட்டாரத்தில் இல்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செட்டிநாட்டுக் கொத்தனார் ஒருவர் அளந்து கொடுக்க, சுற்றுத் தோட்டங்களின் தொழிலாளர்கள் விடுமுறை நாள்களில் மணல் சுமந்து கட்டியவை அவை. பதினாறு படிகளுக்கு ஓர் இளைப்பாறும் தளம். ஒவ்வொரு படியும் இம்மி பிசகாமல் ஆறு அங்குலம். காவடி எடுப்பவர் காலைப் பார்த்து ஏறுவதில்லை. முதல் சில படிகளில் கால் பழகிவிடும். மீதியைக் காலே ஏறிக்கொள்ளும்.

அந்தப் படிகளுக்கு டைல்ஸ் பதித்துத் தருவதாக நேர்ந்துகொண்டவர் கனகராஜ். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது பதினேழு வயதில் ஈப்போவுக்கு வந்து, தவுக்கே எனப்படும் சீன முதலாளி ஒருவரிடம் டைல்ஸ் பதிக்கும் தொழில் கற்று, அங்கேயே சிலிபின் பகுதியில் குடியேறியவர். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் பதித்த தரையில் தண்ணீர் தேங்கியதாக ஒருவரும் குறை சொன்னதில்லை. மனைவி கலாதேவி இதய அறுவைச் சிகிச்சையில் பிழைத்தெழுந்ததற்கான நேர்த்திக்கடன் இது. டைல்ஸ் போதாமற்போகவே, படிகளை மட்டும் முடித்து, தளங்களை வெறும் சிமெண்டாகவே விட்டுவிட்டார்.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, காலையில், கலாதேவி தலையில் பால்குடத்துடன் முதல் ஆளாக ஏறினார். முதல் தளத்தைக் கடந்து அடுத்த படியில் கால் வைத்தவர் அப்படியே முகங்குப்புற விழுந்தார். குடம் உருண்டது. பால் படிப்படியாக இறங்கி, கீழே நின்ற கனகராஜின் பாதத்தை நனைத்தது.

“தல சுத்துச்சா?” பதறியபடி ஓடிவந்தார்.

“தலையெல்லாம் சுத்தல லா! படிதாங்க ஏமாத்திருச்சு. ஒசந்து போய் நிக்குது!” ஒடிந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார் கலாதேவி.

பக்கத்து வீட்டுக் குமுதா அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும், கனகராஜ் அளவுநாடாவை விரித்தார். தளத்திலிருந்து ஏறும் படி ஏழு அங்குலம். தளத்தில் கால் வைக்கும் கடைசிப் படி ஐந்து. மறுபடி அளந்தார். டைல்ஸும் கலவையும் சேர்ந்து ஓர் அங்குலம். படிகள் உயர்ந்திருந்தன, தளங்கள் உயரவில்லை. ஒவ்வொரு தளத்திலும் அதே கதை.  ஆயிரக்கணக்கானோர் காலைப் பாராமல் ஏறப்போகும் படிகளில், தம் கையாலேயே பொறி வைத்திருக்கிறார்!

டைல்ஸைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்றதும் கோயில் தலைவர் பெத்தபெருமாள் கொதித்தார். “சாமிக்குக் குடுத்தத ஒடைக்கிறதா? தளத்துல கொஞ்சம் சிமெண்ட பூசி ஒசத்திவிடு.”

“மூனு நாள்ல இறுகாது தலைவரே. அத்தன கால் மிதிச்சா பொளந்துரும். நீங்களே கண்ண மூடிக்கிட்டு ஏறிப் பாருங்க.”

“அறுவது வருசமா ஏறுறேன், எனக்கே படி காட்டுறியா கனகு?”

வீம்புக்குக் கண்ணை மூடி ஏறினார். தளத்தை மிதிக்கையில் உடல் குலுங்கியது. அடுத்த படியில் விரல் இடித்துச் சரிந்தவரைக் கனகராஜ் இடுப்பில் கைகொடுத்துத் தாங்கினார்.  பெரியவர் மேலேயும் கீழேயும் பார்த்தார்.

“தோள்ல காவடி இருந்திருந்தா...” கனகராஜின் பக்கம் திரும்பினார். “ஒட. எல்லாத்தையும் ஒட.”

முதல் உளியடியைக் கனகராஜே போட்டார். உடன் வேலை செய்யும் கோகிலனும் இன்னும் நால்வரும் சேர, இரண்டரை நாளில் பழைய சிமெண்ட் மீண்டும் வெளிப்பட்டது. கடைசிப் படியையும் அளந்து, ஆறு அங்குலம் என்று கண்ட பிறகே கனகராஜ் சோறு தின்றார்.

தைப்பூசத்தன்று அவர் முதல் தளத்தின் ஓரத்தில் நின்றார். மயிற்பீலிகள் அசைந்தன, உறுமி அதிர்ந்தது. எதையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிக் காவடி ஏறி முடியும் வரை, வந்துபோன கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.